துப்புவதற்குச் சம்பளம்

மலிவு விஸ்கியை ருசி பார்த்து மார்க் போடும் உத்தியோகத்தில் முக்கால்வாசி வேலை துப்புவதுதான். டீத்தூள் ருசி பார்ப்பவர்களே, மசாலாக் கம்பெனிக்கு மூக்கை அடமானம் வைத்தவர்களே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். என் அம்மாவே நம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் நான் கெமிஸ்ட். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பொண்ணு எங்க வேலை பாக்குது?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வேலையை விட்டுத் தொலை என்பாள் அம்மா. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விடமாட்டேன் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

பூவுக்குத் தடை

ருசி பார்க்கும் அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. பவுடர் கூடாது, தேங்காய் எண்ணெய் கூடாது, மதியம் மீன் குழம்பு அறவே கூடாது. எல்லாம் மூக்கைக் கெடுத்துவிடும். சரக்கில் சரிபாதி தண்ணீர் கலந்து, முகர்ந்து, வாயில் உருட்டி, பக்கத்தில் இருக்கும் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். விழுங்கினால் நாலாவது கிளாஸிலேயே எல்லாம் அமிர்தமாகத் தெரியும், மார்க் தாறுமாறாகிவிடும்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஞாபகமில்லாமல் மல்லிகை வைத்துக்கொண்டு போய்விட்டேன். மூத்த கெமிஸ்ட் தாஸ் சார் வாசலிலேயே மடக்கினார். அவருக்கு என் வீட்டு நிலவரம் தெரியும். "பூ வெச்சா சரக்கு வாசனை தெரியாது, சரக்கு வாசனை அடிச்சா மாப்பிள்ளை வரமாட்டான். நீயே ஒரு முடிவுக்கு வாம்மா."

முதலாளியின் போர்பன்

முதலாளி அமெரிக்கா போய்வந்தார். வரும்போதே பித்துப் பிடித்து வந்தார். போர்பன் என்று ஒரு விஸ்கியாம். மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறவைப்பார்களாம். அதை நம் ஊரில் குவார்ட்டர் விலைக்கு விற்க வேண்டுமாம். எங்களிடம் சோளமும் கிடையாது, பீப்பாயும் கிடையாது. எசென்ஸும் கலரும்தான் இருந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க அவர் கொண்டுவந்திருந்த பாட்டில்களை மாதக்கணக்கில் முகர்ந்தோம். உயர்ந்த ரகத்தில் வெனிலா, கருகின வெல்லம், புது பீரோவைத் திறந்தால் வருகிற மர வாசனை. மலிவு ரகத்திலும் அதெல்லாம் உண்டு, ஆனால் கடைசியில் லேசாக நெயில் பாலிஷ் எட்டிப் பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். எங்கள் தயாரிப்பில் நெயில் பாலிஷ் முதலிலேயே வந்துவிடும், மற்றவை கடைசிவரை வராது. ஃபெயில் மார்க் போட்டேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, நீயா காசு குடுத்துக் குடிக்கப் போறே? குடிக்கிறவன் மார்க் போடட்டும்."

மண்ணூர்பேட்டை தீர்ப்பு

சரி, குடிக்கிறவர்களிடமே போனோம். மண்ணூர்பேட்டையில் ஒரு ஒயின் ஷாப். ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு சேல்ஸ் ரெப் ஓசியில் ஊற்றிக் கொடுத்தார். நான் வேனுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குறித்துக்கொண்டேன். ஓசிச் சரக்கை யார் குறை சொல்வார்கள்? எல்லோரும் சூப்பர் என்றார்கள்.

லேத் பட்டறை அண்ணன் ஒருவர் மட்டும் கிளாஸைக் காலி செய்துவிட்டு அதை முகர்ந்து பார்த்தார். "சரக்கு நல்லாத்தான் கீது நைனா. ஆனா எங்க ஊட்ல இத்த முட்டிக்குத் தேச்சு உடுவாங்க, குடிக்கக் குட்த்தது இல்ல."

பெண் பார்க்க வந்த பாட்டில்

பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன். பையன் சேவியரை முன்பே மாதா கோயிலில் பார்த்திருக்கிறேன், பிடித்திருந்தது. அதனால் அன்று நிஜமாகவே பயந்தேன். பையனின் அப்பா, அம்மா, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சித்தப்பா என்று எல்லோரும் வந்திருந்தார்கள். மருந்துக் கம்பெனியில் வேலை என்று அம்மா ஆரம்பித்தாள். "இல்லீங்க, சரக்குக் கம்பெனி. ருசி பார்க்கிறேன்" என்றேன். பொய் சொல்லிக் கட்டிக்கொண்டு அப்புறம் யார் அவஸ்தைப்படுவது?

சித்தப்பா சிரித்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அண்ணனுக்காக வாங்கி வந்த போர்பனாம், ரொம்ப ஒசத்தியாம். "எங்க, ருசி பார்த்துச் சொல்லு பார்ப்போம்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டம்ளரில் ஊற்றி, சரிபாதி தண்ணீர் விட்டு, முகர்ந்து, வாயில் உருட்டி, பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த காபி டபராவில் துப்பிவிட்டேன். "மோசமில்ல அங்கிள். ஆனா அந்த ஊர்ல மலிவா கெடைக்கிற ரகம்" என்றேன். சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார். பையனின் அப்பா டபராவையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிருந்தாகூடப் பரவால்லம்மா. துப்பிட்டியே" என்றார். அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இதுவும் போச்சு என்று டபராவை எடுத்து ஓரமாக வைத்தேன்.

பையனின் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் புருஷனைக் கைகாட்டினார். "இந்த மனுசன் வாய்க்குள்ள போன சரக்கு வெளிய வந்து நான் பார்த்ததே இல்ல. துப்பத் தெரிஞ்சவ ஒருத்தியாவது எங்க ஊட்டுக்கு வரட்டும். நீ வேலைய வுடாத கண்ணு."

விஸ்கிக்கு நான் போட்ட மார்க்கை ஒருத்தரும் மதிக்கவில்லை, ஆனால் நான் துப்பியதற்கு ஒரு மாமியார் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார்.