‘மாத்தா’ என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

போலீசுக்குச் சொன்னவன் நான். அந்தப் பழியை முத்தையன் தலையில் ஏற்றியவனும் நான்தான்!

இத்தனை வருடமாக இதை எவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீ தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல... என் குற்றம் இன்னதென்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. உனக்காவது விளங்குகிறதா, பார்.

பினாங்குத் துறையில் ஒரு கிடங்கில் அப்போது நான் கணக்கெழுதும் கிராணி. கப்பல்களிலிருந்து தொங்கான் படகுகளில் வரும் மூட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மூட்டை இறக்கும் கூலிகளுக்குத் தலைவன் சடையன் தண்டல். அவர்களை ஊரிலிருந்து கூட்டி வந்தவன் அவன். எல்லோரும் கூடித் தங்கும் கொங்சியில் இடம் கொடுத்துச் சோறு போட்டவனும் அவன். ஒரு நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஆறுமுகம் அரிசி மூட்டையைத் தவற விட்டான். தண்டல் கொக்கிக் கட்டையால் அவன் தலையில் ஓங்கி அடித்தான். ஆறுமுகம் கடலில் விழுந்தான். பிணமாகத்தான் எடுத்தார்கள்.

“கால் வழுக்கி விழுந்துட்டான்” என்றான் தண்டல். “ஆமா, வழுக்கிட்டான்” என்றது கொங்சி முழுவதும். கிடங்கு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த நானும் தலையை ஆட்டினேன்.

ஆனால் அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவரைத் தனியே கண்டு, என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கெஞ்சி, கண்டதைச் சொல்லிவிட்டேன். தண்டலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று என்னை நான் பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டேன்... வீரனாம்! பெயர் சொல்லப் பயந்த வீரன்!

கொங்சியில் எவரும் ஆறுமுகத்தைப் பற்றிப் பேசவில்லை. “செத்தவன் செத்துட்டான். காட்டிக் கொடுத்த பய யாருடா?” இதே பேச்சுத்தான். நம் பேச்சைப் பார்! துரோகம் செய்தவனும் காட்டிக் கொடுத்தவன். கண்ட கொலையைச் சொன்னவனும் காட்டிக் கொடுத்தவன். வேறு ஒரு நல்ல சொல் இருந்திருந்தால் நான் துணிந்திருப்பேனோ? அல்லது இதுவும் ஒரு சாக்குத்தானோ?

சந்தேகம் கூலிகளில் ஒருவனான முத்தையன் மேல் விழுந்தது. மிளகு மூட்டை சுமந்து அவனுக்குக் கண் சிவந்து வீங்கியிருந்தது. சந்தையோரம் ஒரு மலாய்க்காரரிடம் அவன், “மாத்தா, மாத்தா” என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை எவனோ கேட்டுவிட்டு வந்து சொன்னான். போலீஸ்காரரை இங்கே எல்லோரும் ‘மாத்தா மாத்தா’ என்பார்கள். ஆனால் மலாய் மொழியில் வெறும் ‘மாத்தா’ என்றால் கண்! பாவம், அவன் கேட்டது கண்ணுக்கு மருந்து.

அவனை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மலாய் நன்றாகத் தெரிந்தவன் நான்தானே!

“கிராணியாரே, மாத்தான்னா என்னா? நீங்க சொன்னா சரிதான்” என்றான் கூட்டத்தில் மூத்தவன்.

“கண்ணுதானே அண்ணே? சொல்லுங்கண்ணே!” என்றான் முத்தையன். என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்திருப்பான்.

‘கண்’... எவ்வளவு சின்னச் சொல்! நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால், ‘அப்போ போலீசுக்குச் சொன்னது யாரு?’ என்றல்லவா அடுத்த கேள்வி வரும்?

“மாத்தான்னா போலீசுதான்” என்றேன்.

அது பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. உண்மையா? ஐயோ, அதுவும் இல்லை!

அதன் பிறகு முத்தையனைப் பந்தியில் சேர்க்கவில்லை. மூட்டையைத் தூக்கி அவன் முதுகில் ஏற்றிவிட ஒரு கை வரவில்லை. தானே குந்தி, தானே தடுமாறி எழுந்தான். அவன் நடந்த இடத்தில் காறித் துப்பினார்கள். கண் சிவந்தபடியே இருந்தது. நோயா, அழுகையா? நான் உற்றுப் பார்க்கவில்லை.

வழக்கு நெருங்கியது. சாட்சி சொல்ல ஆளில்லை; தண்டல் வெளியே வந்துவிடுவான் என்று கொங்சியில் ஒரே குதூகலம். அப்போது முத்தையன் என்னைத் தேடிக் கிடங்குக்கு வந்தான்.

“எப்படியும் பேரு வந்துருச்சுண்ணே. பேருக்கேத்த காரியத்தையாச்சும் செஞ்சிடறேன். நான் பாத்ததைக் கோர்ட்டுல சொல்லப்போறேன்.” சிறிது நேரம் என்னையே பார்த்தான். “நீங்களும் வர்றீங்களா?”

அவனுக்குத் தெரிந்திருந்ததா? இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“கப்பல் வந்திருக்கு தம்பி. வேலை கிடக்கு” என்றேன்.

அவன் தனியாகப் போனான். தண்டலுக்குச் சிறை கிடைத்தது. ஆறுமுகத்தின் மனைவி கோர்ட்டு வாசலில் முத்தையன் காலில் விழுந்து அழுதாளாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது வெட்கம் அல்ல... பொறாமை! அந்தக் கும்பிடு எனக்கு வரவேண்டியதல்லவா என்று வயிறு எரிந்தது. அவர்கள் காறித் துப்பிய எச்சிலையெல்லாம் அவனுக்கு விட்டுவிட்டுக் கும்பிடை மட்டும் கேட்கிறதே, இது என்ன மனம்!

முத்தையன் துறைக்குத் திரும்பவில்லை. எங்கே போனான், கண் தேறியதா, ஒன்றும் தெரியாது. நான் அந்தப் பொய்யைச் சொல்லாதிருந்தால் அவன் சாட்சி சொல்லியிருப்பானா? அப்படியானால் ஆறுமுகத்துக்குக் கிடைத்த நீதிக்கு என் பொய்தான் காரணமா? ஒரு நாள் ஆம் என்று தோன்றுகிறது. மறுநாள், அப்படித் தோன்றியதற்காகவே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவன் பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. எவனாவது உள்ளே நடந்ததை வெளியே சொல்லப் போனால், “முத்தையன் வேலை பாக்காதே” என்பார்கள். அவனைக் கண்ணால் கண்டிராதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நேற்று என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கூடப் படிக்கும் பெண்ணின் வளையலை எடுத்தது யார் என்று தனக்குத் தெரியும், டீச்சரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

“நமக்கெதுக்கும்மா வம்பு? முத்தையன் வேலை பாக்காதே.”

சொன்னது நான்... என் வாய்தான்!

“முத்தையன்னா யாருப்பா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா” என்றேன்.