இரண்டு அரிப்பு

இரணியலிலிருந்து குளச்சல் போகிற ரோட்டில், ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்றில் முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலை நடந்தது. அந்த ஊரில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர், தொழிற்சாலைக்கு அண்டியாபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மேஜை என்று நினைத்துவிட வேண்டாம். நூற்றிருபது பெண்கள் தரையில் குந்தி, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டுவார்கள். சாம்பல் தொடாவிட்டால் கொட்டையின் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். தொட்டாலும் பொசுக்கும், கொஞ்சம் மெதுவாகப் பொசுக்கும், அவ்வளவுதான்.

இசபெல் 1950இல், இருபத்திரண்டு வயதில் அங்கே சேர்ந்தாள். எதைப் பார்த்தாலும் இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று யோசிக்கிற பிறவி. இப்படிப்பட்டவர்கள் முதலாளி வீட்டில் பிறந்தால் புத்திசாலி என்று பெயர் வாங்குவார்கள். இசபெல் வாங்கிய பெயர் வேறு.

அவளுக்குப் பக்கத்து இடம் செல்லபாய்க்கு. அவள் விதவை, வீட்டில் கல்யாணமாகாத இரண்டு மகள்கள். வேலையிலும் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலும் பக்கத்தில். ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். செல்லபாய்க்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் பிடித்துக்கொள்வாள்.

மூன்றாம் வருஷம் செல்லபாயின் விரல்கள் வீங்கி, கை நடுங்கத் தொடங்கியது. முழுப் பருப்பு குறைந்து உடைசல் கூடியது. மேஸ்திரி செல்வதாஸ் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாம் தடவை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது அங்கே எழுதாத சட்டம்.

இசபெல் உட்கார்ந்த இடத்திலிருந்தே உடைசலைக் கவனித்தாள். பெரிய கொட்டைக்கு ஓங்கித் தட்ட வேண்டும், சிறிசுக்கு மெல்லத் தட்ட வேண்டும். இரண்டும் கலந்து வருவதால் பழகிய கைகூடத் தவறுகிறது. போதாததற்கு, ஒவ்வொருத்தியும் கூடை தீர்ந்ததும் எழுந்துபோய் வறுவல் கொட்டகையில் வரிசையில் நிற்கிறாள். பாதிப் பொழுது நிற்பதிலேயே போகிறது.

செல்லபாயின் மூத்த மகள் மூங்கில் முடைவாள். இசபெல் கேட்ட அளவுக்குக் கண் விட்டு இரண்டு அரிப்பு, அதாவது சல்லடை, முடைந்து கொடுத்தாள். ஒன்றில் பெரிய கொட்டை நிற்கும், அடுத்ததில் நடுத்தரம் நிற்கும், கீழே விழுவது சிறிசு. உடைக்கிறவர்களில் மூன்று பேர் அரித்து, கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மற்றவர்கள் எழ வேண்டாம். அந்த மூன்று பேரில் ஒருத்தி செல்லபாய். இசபெல்லின் திட்டம் முழுக்க அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த செல்வதாசை மறித்துத் திட்டத்தைச் சொன்னாள். அவர் சபையில் வேதபாடம் வாசிக்கிறவர். குரல் கணீரென்று இருக்கும்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் செஞ்சு பாருங்க. சரியில்லேன்னா நிறுத்திருவோம். ஆனா செல்லபாய் அக்காளை வெளிய அனுப்பப்பிடாது."

"அந்த அரிக்குத வேலைக்கு கைப்பழக்கம் வேணுமா பிள்ளே?"

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. கை நடுங்கினாலும் செய்யலாம். ஆட்டத் தெரிஞ்சா போதும்."

"அப்பம் நல்லதாப் போச்சு. அக்காளை நான் பாத்துக்கிடுகேன். ஆலய வாசல்ல நின்னு சொல்லுகேன், பொய் சொல்லுவேனா?"

அவள் நம்பினாள். ஆலய வாசலில் பொய் சொன்னால் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்று வளர்க்கப்பட்டவள். செல்வதாசும் அதே சபையில் வளர்ந்தவர்தான். அவர் நாக்கு மட்டும் நன்றாகவே இருந்தது.

ஒரு வாரத்தில் உடைசல் பாதியானது. இருட்டுமுன் வேலை முடிந்தது. பெண்கள் இசபெல்லின் கன்னத்தைக் கிள்ளினார்கள். செல்லபாய் அரிப்பை ஆட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். ஒரு நாள் கொல்லத்திலிருந்து முதலாளி வந்தார். செல்வதாஸ் அவரை அழைத்து வந்து அரிப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆங்கிலமும் மலையாளமுமாக வெகுநேரம் பேசினார். இசபெல் இருக்கிற பக்கம் கை நீட்டக்கூட இல்லை. அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து லாரியில் ஒரு இரும்பு உருளை வந்து இறங்கியது. இசபெல் கிட்டப் போய்த் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தாள். முதல் பாதியில் சின்னக் கண், அடுத்த பாதியில் பெரிய கண். அவள் சொன்ன அளவேதான், இம்மி பிசகவில்லை. ஒருவன் கைப்பிடியைச் சுற்றினால் மூன்று தரமும் தனித்தனியாக விழும். ஆட்டத் தெரிந்தால் போதும் என்று சொன்னது அவள்தானே, ஆட்டுவதற்கு இரும்பு போதும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே மேஸ்திரி பெயர்ப் பட்டியல் வாசித்தார். வேதபாடம் வாசிக்கிற அதே கணீர்க் குரல். உடைசலும் இல்லை, வரிசையில் நிற்பதும் இல்லை, இனி எண்பது பேர் போதுமாம். வெளியே போகிற நாற்பது பேரில் முதல் பெயர் செல்லபாய். பட்டியல் முடிவில், உருளையடியைக் கவனிக்க இசபெல் என்றும் ஒரு வரி இருந்தது.

"அண்ணாச்சி, ஆலய வாசல்ல சொன்னீங்களே!" இசபெல் எழுந்துபோய் அவரை மறித்தாள்.

"பாத்துக்கிடுகேன்னுதானே சொன்னேன். பாத்தாச்சு. ஒனக்கு நல்ல வேலை கெடச்சிருக்கே, பின்னே என்ன?"

நாற்பது பெண்களும் செல்வதாசைப் பார்க்கவில்லை. இசபெல்லைப் பார்த்தார்கள். ஏட்டி, ஒனக்கு நாங்க என்ன செஞ்சோம் என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தவளை யாரும் நின்று கேட்கவில்லை.

மூங்கில் அரிப்பு இரண்டும் அடுப்புக்குப் போக இருந்தன. இசபெல் அவற்றை எடுத்துக்கொண்டு செல்லபாய் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, ஒங்களுக்காகத்தான் செஞ்சேன். சத்தியமா எனக்குத் தெரியாது."

செல்லபாய் திட்டவில்லை. வீங்கிய விரல்களால் அரிப்புகளை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"தெரியும் மக்கா. நீ தெரிஞ்சு செய்யல்ல," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம மட்டும் எனக்க பக்கத்துல இருக்காத," என்றாள்.

இசபெல் உருளையடி வேலையை ஏற்கவில்லை. பழைய இடத்திலேயே குந்தி உடைத்தாள். வயதான தாயும் தகப்பனும் வீட்டில் இருக்கும்போது வேலையையே விட்டுவிட முடியவில்லை. அதையும் ஊர் ஒன்றுக்குப் பத்தாகப் பேசியது.

1956இல் ஊர் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த அன்று அண்டியாபீசில் மிட்டாய் கொடுத்தார்கள். செல்வதாஸ் அதற்குள் மானேஜர். உருளையைக் காட்டி, இது என் சொந்த யோசனை என்று வந்தவர்களிடம் சொன்னார். இசபெல் தட்டிக்கொண்டே கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் வேதபாடம் வாசித்தார். இசபெல் கடைசி வரிசையில் தனியாக நின்று, பாட்டுப் புத்தகத்தை ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தாள்.