அத்தானோடு வந்த நாயின் பின்னங்கால்

எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்ததும் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, கிணறு, தென்னை, ஊருக்கு அப்பால் வட்டை வெளியில் கிடக்கும் வயல் எல்லாம் பெண்பிள்ளைகளின் பெயரில் இருக்கும். வருகிறவனுக்குப் படுக்க ஓர் இடமும் சோறு உண்ண ஒரு கோப்பையும் கிடைக்கும். அக்காவைக் கட்டிய அத்தான் கரடியனாற்றிலிருந்து எங்கள் வாவிக்கரை வீட்டுக்கு வந்தபோது கொண்டு வந்தவை ஒரு பெட்டகம், ஒரு பாய், ஒரு கத்தி, ஒரு நாய். பெட்டகத்துக்கு அம்மா ஒரு மூலை காட்டினார். பாய் மற்றப் பாய்களோடு சுருட்டி வைக்கப்பட்டது. கத்தியைக் கூரையில் செருகினார்கள். இந்த மூன்றும் அன்று மாலைக்குள் எங்கள் வீட்டுச் சாமான்களாகிவிட்டன. நாய்க்கு மட்டும் அம்மா இடம் ஒதுக்கவில்லை. அதனால் அது அத்தானுடையதாகவே இருந்தது.

அப்பாவும் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்கு இப்படி வந்தவர்தான். எதைக் கேட்டாலும் "அவவிட்டக் கேளு" என்று சொல்லும் பக்குவத்தை அவர் வெகு காலத்துக்கு முன்பே அடைந்திருந்தார். அத்தான் இன்னும் அதற்கு முந்திய படியில் இருந்தார், அவர் பேசுவதேயில்லை. மாமியோடு நேரே பேசும் வழக்கம் இல்லாதபடியால், சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்வார். அக்கா அதை அம்மா சமைக்கும் குசினிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். போகிற வழியில் பாதி உதிர்ந்துவிடும். பயிர்க் காலத்தில் வட்டைக் காவலுக்குப் போய்க் குடிலில் கிடக்கும்போதுதான் அவர் வாய் நிறையப் பேசுவார் என்றும், அதுவும் நாயோடுதான் என்றும் பக்கத்து வயல்காரர் வந்து சொன்னார்கள். அம்மா அதை மருமகனின் குறையாக எடுத்துக்கொண்டார். பேச வேறு யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாய் செம்பட்டை நிறம். ஒரு காது பன்றியிடம் போய்விட்டது. காட்டுப்பன்றிக்கு அஞ்சாத அந்தப் பிராணிக்கு உலகத்தில் ஒரேயொரு பகை, மாட்டுக் கரத்தையின் உருளும் சில்லு. எந்தக் கரத்தை ஒழுங்கையில் வந்தாலும் சில்லைக் கடிக்கப் பாயும். சித்திரையில் சிறுபோகத்துக்கு விதைநெல் ஏற்றிய கரத்தை ஒன்று வந்தது. இவ்வளவு காலமும் பொறுமையாக உருண்டுபோன சில்லு அன்று மறுமொழி சொல்லிவிட்டது. நாயின் இடது பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

அயலவர்கள் கூடினார்கள். ஒருவர் சுட்டுக் கொன்றுவிடச் சொன்னார். ஒருவர் முட்டையும் உழுத்தம்மாவும் குழைத்துப் பூசச் சொன்னார். ஒருவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் போதும் என்றார். நேர்வது யார், அவரா நாயா என்பதை அவர் சொல்லவில்லை. நான் அப்போது பட்டணத்து ஆசுபத்திரியில் நேர்ஸ் பயிற்சி முடித்து, எந்த ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். சத்திரசிகிச்சை வாட்டில் மனிதக் கால்களைப் பார்த்துப் பழகியவள். நாய்க்காலுக்கும் மனிதக்காலுக்கும் இடையில் நான் பிறகு கண்ட முக்கியமான வேறுபாடு, நாயைப் பார்க்க வரும் உறவினர் குறைவு என்பதுதான். அதுவும் பொய்யாகப் போயிற்று.

அத்தான் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மச்சாள், கால் தப்புமா?"

அவர் இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் கேட்ட முதலாவது கேள்வி அது.

நல்ல காலம், மாடுகளுக்குப் பரவிய நோயைப் பார்க்க அரசாங்க மிருக வைத்தியர் ஒருவர் பட்டணத்தில் வந்து தங்கியிருந்தார். தோணியில் சாக்கு விரித்து நாயைக் கொண்டுபோனோம். விறாந்தையில் கிடந்த மேசையில் வைத்து அவர் வெட்டினார். மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக நான் விட்டேன். அவர் நொறுங்கிய துண்டுகளை எடுத்து, உடைந்த எலும்பின் இரு முனைகளையும் நேராக்கிக் கம்பியால் கட்டி, தோலைத் தைத்து, மூங்கில் பத்தைகள் வைத்துக் கட்டினார். அத்தான் நாயின் வாயைப் பிடித்தபடி முழு நேரமும் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வைத்தியரின் கட்டளைகள் தெளிவானவை. காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. ஓடக் கூடாது. காயத்தை நக்கக் கூடாது. கட்டு நனையக் கூடாது. மாடுகளுக்கு ஊசி போட மறுமுறை இந்தப் பக்கம் வரும்போது பார்ப்பேன், எலும்பு பொருந்தியிருந்தால் சரி, புண் சீழ் பிடித்துக் கட்டுத் தளர்ந்திருந்தால் காலைத் தொடையோடு எடுத்துவிடுவேன் என்றார். மூன்று கால் நாய் உயிர் வாழும் என்றும் ஆறுதல் சொன்னார். வீட்டில் வாழும்தான். காட்டுப்பன்றிக்கு முன்னால் வாழாது. அத்தானுக்கு வட்டைக்குத் துணை இல்லாமல் போகும். வட்டையை விட்டால் அவருக்கு வேறு ஓர் இடமும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் கமுகஞ்சிலாகைகளால் ஒரு சிறு அடைப்புப் போட்டு, வாட்டில் போலவே ஒழுங்குகளைச் சொல்லிவிட்டேன். நாய் எப்போதும் கட்டியே இருக்கும். வெளிக்குப் போக வேண்டுமானால் வயிற்றுக்குக் கீழே துவாயைப் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் அல்லது அத்தான் கூடப் போவோம். காலையும் மாலையும் விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்தால் கட்டு இறுக்கம், வீங்கினாலும் இறுக்கம். சீழ் மணம் வருகிறதா என்று கட்டை மணந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் வீட்டில் யாரும் உதவிக்கு முன்வரவில்லை.

நக்காமல் இருப்பதற்குப் பழைய பன்பாய் ஒன்றை வெட்டிக் கூம்பாகச் சுருட்டித் தைத்து நாயின் கழுத்தில் மாட்டினேன். அம்மா வந்து நின்று பார்த்தார்.

"படிக்க அனுப்பினது இதுக்குத்தானா புள்ள? நாய்க்குக் குடை கட்ட?"

கூம்பின் புகழ் ஊரெல்லாம் பரவியது. பெண்கள் குடத்தோடு வந்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். என் மூன்று வருடப் படிப்பை அதுவரை ஒருவரும் பார்க்க வந்ததில்லை. நாய் கூம்புக்குள்ளிருந்து எல்லாரையும் வெறுப்போடு பார்த்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் மனம் ஆறியது.

நாட்கள் நன்றாகவே போயின. புண் காய்ந்துகொண்டு வந்தது. கட்டு மணக்கவில்லை. இப்படி எல்லாம் சரியாக நடக்கும்போது வாட்டில் எங்கள் பெரிய நேர்ஸ், இனிப் பார்வையாளர் வரும் நேரம் என்பார். வைகாசி பிறந்தது. கண்ணகை அம்மன் கோயிலில் சடங்கு தொடங்கியது. வீட்டில் மீன் நின்றது, நாயின் எலும்புக் கஞ்சியும் நின்றது. இது எதிர்பார்த்ததே. அத்தானின் தாயார் சடங்கு பார்க்கக் கரடியனாற்றிலிருந்து வருவார் என்பதும் எதிர்பார்த்ததே. அம்மா அதை எப்படி எதிர்கொள்வார் என்பதைத்தான் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் கணக்கு இது. மாப்பிள்ளையோடு வந்த பொருளை எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படித்தான் மாப்பிள்ளையையும் வைத்திருக்கிறார்கள். சம்மந்தி வந்து இறங்கும்போது அவர்கள் வீட்டு நாய் கழுத்தில் கயிறும் தலையில் கிழிந்த பாயுமாக, ஊத்தையாகப் பின்தாழ்வாரத்தில் கிடந்தால் அதற்குப் பிறகு மகனைப் பற்றி விசாரிக்க வேண்டிய தேவையே இல்லை. அம்மா பல காலம் அந்த நாயை நாயென்று கூட அழைத்ததில்லை. ஆனால் அது கரடியனாற்றின் கண்ணில் படப்போகிறது என்றதும் அது வீட்டின் மானமாகிவிட்டது.

நான் அன்று காலை கல்லடிப் பாலத்தைக் கடந்து பட்டணத்துக்குப் பஞ்சும் கார்போலிக்கும் வாங்கப் போயிருந்தேன். அத்தான் கோயில் பந்தல் வேலையில் இருந்தார். அம்மா அந்த நேரத்தில் மிக ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, வைத்தியர் கூடாது என்ற அனைத்தையும் செய்து முடித்தார். கூம்பைக் கழற்றினார். கயிற்றை அவிழ்த்தார். நாயைக் கிணற்றடிக்கு நடத்திக்கொண்டுபோய் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார். நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தார்.

நான் வேலிப் படலைக்கு வந்தபோது கரடியனாற்றுக் கரத்தையும் வந்துகொண்டிருந்தது. நாயின் கருத்துப்படி அதுவும் ஒரு கரத்தைதான், அதற்கும் சில்லு இருந்தது. மஞ்சள் பூசிய நாய் முதலில் மூன்று காலிலும், பிறகு உற்சாகத்தில் நான்கு காலிலும் என்னைக் கடந்து பாய்ந்தது. சில்லை எட்டும் முன்பே ஒரு கத்தல் கத்திக்கொண்டு புழுதியில் விழுந்தது.

அத்தானின் தாயார் தயிர்ச் சட்டிகளோடு இறங்கினார். நாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பந்தலிலிருந்து ஓடி வந்த மகனைப் பார்த்தார்.

"நாய் நல்லாத்தான் இரிக்கு சம்மந்தி. என்ட மகன்தான் மெலிஞ்சி பெயித்தான்."

"இரிங்க சம்மந்தி, முதல்ல தண்ணியக் குடிங்க" என்றார் அம்மா. அவ்வளவு மஞ்சளும் வீணாகிவிட்டது.

கட்டை அவிழ்த்தேன். பத்தைகள் நழுவியிருந்தன. தையல் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. உள்ளே கம்பி இருக்கிறதா போய்விட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் கழுவி, காலை நேராக்கி மறுபடி கட்டினேன். மறுநாள் நாய்க்குக் காய்ச்சல். கால் வீங்கிப் பளபளத்தது. கட்டு மணத்தது. இப்போது வந்திருக்கும் மாத்திரைகள் எவையும் அப்போது இல்லை. வெந்நீர் ஒத்தடமும் கார்போலிக்கும்தான் இருந்தன.

விருந்தாளிகளோ சடங்கு முடியும் வரை இருப்பார்கள். நாய் அசையக் கூடாது, கட்ட வேண்டும் என்றேன். அம்மா என்னைக் குசினிக்குள் அழைத்தார். அவர்கள் போனதும் எப்படியும் கட்டு, அதுவரைக்கும் அவிழ்த்து முன் விறாந்தையில் பாய் போட்டுக் கிடத்து, நாலு பேர் பார்க்க மரியாதையாக இருக்கட்டும் என்றார். அதற்குள் கால் போய்விடும் என்றேன். ஒரு நாயின் கால் பெரிதா, குடும்பத்தின் பேர் பெரிதா என்றார். கேட்டபடி குசினி வாசலில் அக்கா நின்றாள். அக்காவுக்குப் பின்னால் அத்தான் நின்றார்.

அத்தான் அக்காவிடம் சொல்லவில்லை. அவளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முன் விறாந்தையிலிருந்த தம் தாயாருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"மாமி, நாயக் கட்டுங்க. எங்கட அம்மா நினைக்கிறத நினைச்சிட்டுப் போகட்டும். என்னப் பத்தி ஆரும் ஒண்டும் நினைக்க வேணாம். நான்தான் கட்டாமலே கிடக்கிறனே."

குசினியில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை. முன்னாலிருந்து அவருடைய தாயாரின் குரல் மட்டும் வந்தது. "அவனுக்குப் பேச வருகுது, பாத்தீங்களா."

அப்பா வாழ்நாளில் சொல்லாத ஒன்றை ஒரு மருமகன் சொல்லிவிட்டான் என்ற வியப்போ, சம்மந்தியின் காதுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தபின் இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற கணக்கோ தெரியாது, அம்மா போய்க் கயிற்றை எடுத்துவந்து தாமே கட்டினார். கூம்பையும் மாட்டினார். அன்று முதல் தாழ்வாரத்தில் அம்மாவின் ஆட்சி. என்னுடைய ஒழுங்குகளை என்னைவிடக் கடுமையாக நடத்தினார். கோழி கிட்ட வரக் கூடாது, அயலவர் வரக் கூடாது, நான் கை கழுவாமல் வரக் கூடாது. ஒத்தடத்துக்கு வெந்நீர் கேட்பதற்கு முன்பே வந்தது. அத்தான் இரவில் அங்கேயே படுத்தார். பகலில் அம்மா அரிசி புடைப்பதும் தேங்காய் துருவுவதும் நாயின் பக்கத்தில். அப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஊரைப் பற்றியும் அவர் சொன்ன குறைகளை நாய் கூம்பை அவர் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படிக் கேட்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. கட்டியிருந்தபடியால் நாய்க்கும் வேறு வழியில்லை.

காய்ச்சல் விட்டது. சீழ் குறைந்தது. மிருக வைத்தியர் வந்தபோது அத்தான் நாயைத் தூக்கித் தோணியில் ஏற்ற, நானும் கூடப் போனேன். அத்தான் ஒரு சாக்கையும் மடித்துக் கையில் வைத்திருந்தார்; கால் இல்லாமல் திரும்பி வருவதானால் மூடிக்கொண்டு வருவதற்காக. வைத்தியர் அழுத்திப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், எலும்பு பொருந்திவிட்டது என்றார். சற்று வளைவு, சற்றுக் குட்டை, கால் இருக்கும். யார் பராமரித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அத்தான் "மாமி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைத் திருத்தவில்லை.

ஆனால் இந்தப் போகத்துக்கு நாயைச் சேற்றில் இறக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் சிறுபோகக் காவலுக்கு அத்தான் தனியே போனார். போகும்போது நாய் அவர் பின்னால் படலை வரை வந்தது. நான் பிடித்திருந்த கயிறு அதற்கு மேல் விடவில்லை.

அறுவடை முடிந்து அவர் திரும்பி வந்தபோது கயிறு இருக்கவில்லை. நாய் குசினி வாசலில் கிடந்தது. சுகமாகக் கொழுத்திருந்தது. அவர் படலையில் நின்று விசிலடித்தார். அது எழுந்து வளவைக் கடந்து, வளைந்த காலையும் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வந்து அவர் கையை நக்கியது. அவர் அதைத் தடவவில்லை, காலைத்தான் பார்த்தார். கிணற்றடி வரை நடத்திப் பார்த்தார். திரும்பி நடத்திப் பார்த்தார். பிறகு விட்டார். நாய் நேரே குசினி வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. உள்ளே அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கூட்டிட்டுப் போங்க மருமகன், உங்கட நாய. காலுக்குள்ளயே கிடந்து உயிர எடுக்குது" என்றார் அம்மா. மீன் தலை ஒன்று வாசலில் விழுந்தது.

நாய் அதைக் கவ்வுவதை அத்தான் பார்த்தார்.

"கிடக்கட்டும் மாமி" என்றார். "வட்டைக்கு ஒரு குட்டி பாத்து வச்சிரிக்கன்."