கோழிக்கூட்டு மூடிக்குள் ஒரு மடிப்பு

"மின்னல் தாக்கி இறக்கை முறிந்துள்ளது. இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது." ஆவணி மாதத் தேதியிட்டுக் காற்றாலைக்காரர்கள் என் தங்கைக்கு அனுப்பிய கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான். இறக்கை முறிந்தது ஆடிக் கடைசிச் செவ்வாய். அன்றைக்கு நான் நாட்குறிப்பில் குறித்து வைத்திருப்பது: 'பேய்க்காற்று. மேகம் இல்லை.' மேகமே இல்லாத வானத்தில் மின்னலை வரவழைத்தவர்கள் இவர்கள்.

அந்தக் காற்றாலை ஓட்டப்பிடாரம் பக்கம், தங்கை விதைக்கும் கரிசல் காட்டை ஒட்டி நிற்கிறது. அதன் இறக்கை, கண்ணாடி இழைகளை அடுக்கடுக்காகப் பரப்பிப் பிசினில் இறுக்கிச் செய்தது. அது விழுந்து சிதறியதில் காடு முழுக்க ஊசி ஊசியாய் இழை. மறுநாளே வேன் வந்து பெரிய துண்டுகளை அள்ளிப் போனது. ஊசிகள் மண்ணிலேயே கிடந்தன. புரட்டாசி விதைப்புக்கு முன் மேல்மண்ணை மாற்றித் தரவேண்டும் என்று மட்டும்தான் தங்கை கேட்டாள். அதற்குத்தான் மின்னல் கடிதம்.

வேனுக்குத் தப்பியது ஒரே ஒரு துண்டு. விழுந்த அன்றே அதைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட்டு, மேலே கல்லும் வைத்திருந்தாள் தங்கை. அதில் தீப்பெட்டி அளவுக்கு அறுத்து எடுத்துக்கொண்டு, என் மகன் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே ஓர் ஆய்வாளர் அம்மா அதை ஒரு தட்டில் வைத்து, சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் எக்ஸ்ரே எடுத்தார். ஆஸ்பத்திரி ஸ்கேன் போலத்தான். ஆனால் தலைமுடியைவிட மெல்லிய இழைகூடத் தெரியும். எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டர் சேர்த்து முழு உருவமாக்கியது. கத்தி படாமலே எந்த இடத்திலும் வெட்டிப் பார்க்கலாம். வாரிவிட்ட முடிபோல நேராக ஓடிய இழைகள் ஓரிடத்தில் சுருண்ட பாய்போல மடிந்து கிடந்தன. பக்கத்திலேயே கரிய காற்றுக் குமிழ்கள்.

"விழுந்ததுல மடிஞ்சிருக்குமோ?" என்றேன்.

"இல்ல சார். இழை அறுபடல, மடிப்புக்குள்ள பிசின் இறுகியிருக்கு. செய்யும்போதே மடிஞ்சது. அப்படி மடிஞ்ச இடத்துல பலம் கம்மி. ஆனா, இதனாலதான் முறிஞ்சதுன்னு எழுதித் தர மாட்டேன். அதுக்கு இறக்கை முறிஞ்ச இடத்து முனை வேணும்."

அவர் நேர்மையைக் குறை சொல்லமாட்டேன். படங்களோடு தங்கையையும் கூட்டிக்கொண்டு, கோவில்பட்டியில் இருக்கும் காற்றாலை அலுவலகத்துக்குப் போனேன். துண்டு எங்கே கிடந்தது என்று கேட்டறிந்த அதிகாரி, படங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"கோழிக்கூட்டு மேல கெடந்தத ஆதாரம்னு கொண்டு வாரீங்களே அண்ணாச்சி. கோழிகிட்ட கையெழுத்து வாங்கியாச்சா?"

"கோழி மின்னலப் பாக்கலியாம் சார்," என்றாள் தங்கை. "நீங்க பாத்தீயளா?"

சிரிப்பு நின்றது. "எங்க ரிப்போர்ட்ல மின்னல்னு இருக்கு. அவ்வளவுதான்."

"அப்போ முறிஞ்ச முனையக் காட்டுங்க. அதையும் எக்ஸ்ரே எடுப்போம்," என்றேன்.

"அதெல்லாம் மெஷின்ல போட்டுத் தூளா அரைச்சாச்சு."

அரைத்துவிட்டால் மின்னல் தாக்கியதை எதில் பார்த்தார்களாம்? கேட்டேன். அதிகாரி போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார்.

சுற்றிலும் விதைப்பு முடிந்துவிட்டது. தங்கை காடு மட்டும் தரிசாகக் கிடக்கிறது. முறிந்த முனை மணியாச்சிப் பக்கம் ஒரு குடோனில் முழுசாக இருப்பதாக, அன்றைக்குத் துண்டுகளை அள்ளிப் போன வேனை ஓட்டியவர் என்னிடம் சொன்னார். இரண்டு முறை போயும் காவலாளி உள்ளே விடவில்லை. அது அங்கேதான் இருக்கிறதா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.