காற்றுத்துளையில் கம்பளி

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர் மேட்டுத்தெருவில் நோரீன் பாரக்ளஃபுக்கு ஒட்டினாற்போல் இரண்டு கல்வீடுகள். ஒன்றில் அவள் தனியாக இருந்தாள். மற்றதில் வில்ஃப் டார்டாஃப் குடியிருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி பெரிலைப் பறிகொடுத்தவர். வாயை மட்டும் யாரிடமும் பறிகொடுக்காதவர். வீட்டுக்காரியும் குடித்தனக்காரரும் சண்டை போடாத நாள் கிடையாது. நோரீன் சமைத்தால் அவருக்கும் ஒரு தட்டு போகாத நாளும் கிடையாது.

அந்த வருடம் எரிசக்திச் சான்றிதழ் நோரீனுக்கு வம்பாக வந்தது. வீடு சூட்டை எவ்வளவு காக்கிறது என்று பார்த்து 'ஏ' முதல் 'ஜி' வரை எழுத்து போடுவார்கள். 'ஈ'க்குக் கீழே போனால் வாடகைக்கு விடக் கூடாது. சோதிக்க வந்தவர் 'எஃப்' போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படியானால் வில்ஃபை வெளியே அனுப்ப வேண்டும். இந்த வயதில் அந்த மனிதர் எங்கே போவார்?

நோரீன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். கூரைக்கடியில் தடிமனாகப் பஞ்சு விரிக்க வைத்தாள். ஜன்னல் இடுக்கெல்லாம் பட்டை ஒட்டினாள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குளிர்காற்று என்றால் ஜென்மப் பகை. கடன்காரனுக்குக் கூடக் கதவைத் திறப்பார்கள், காற்றுக்குத் திறக்கமாட்டார்கள். வில்ஃபின் முன்னறையில் கேஸ் கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காற்றுத்துளை இருந்தது. அதற்கு அளவெடுத்துச் சிவப்புக் கம்பளியில் ஓர் அடைப்பு பின்னி, பஞ்சு திணித்து, இறுக்கமாகச் செருகினாள். மறுபடி சோதித்தபோது 'ஈ' கிடைத்தது. இஞ்சிக் கேக் செய்து இருவரும் கொண்டாடினார்கள்.

டிசம்பரில், வருடாவருடம் வரும் கேஸ் சோதனைக்கு ஷாஜியா வந்தாள். பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டுக்காரி, சிரித்த முகம்.

"என்ன வில்ஃப் இது, ஓட்டையில?"

"நோரீன் பின்னினது. செவுத்துக்கே ஸ்வெட்டர் போட்டாச்சு!"

ஷாஜியா சிரிக்கவில்லை. கணப்பை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள்.

"தலைவலி இருக்கா?"

"ஒரு வாரமா. பியரு பண்ற வேலைன்னு நோரீன் திட்டுறா."

"விஷவாயு அலாரம் எங்க?"

"ஓயாம கத்துச்சு. நியூஸ் கேக்க விடல. துண்டுல சுத்தி அலமாரில போட்டுட்டேன்."

"அது உங்க உயிருக்காகக் கத்திருக்கு வில்ஃப். காத்து வர வழியில்லன்னா விஷவாயு உள்ளயே தங்கிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்றபடியே, பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கைச் சீட்டைக் கணப்பின்மேல் ஒட்டினாள்.

ஷாஜியாவுக்கு டீ கொண்டுவந்த நோரீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். "பாவி நான்! உங்கள வெளிய அனுப்பக் கூடாதுன்னு பாத்து, ஒரேயடியா மேல அனுப்பப் பாத்தேனே!"

"விடு கண்ணு. பெரில் போனப்புறம் எனக்குன்னு யாரும் எதையும் பின்னித் தந்ததில்ல."

"புதுக் கணப்பு வர்ற வரைக்கும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. முன்னறை கதகதன்னு இருக்கும்."

கோட்டில் கை நுழைத்த வில்ஃப் அப்படியே நின்றார். "அது எப்படி அவ்வளவு கதகதப்பு?"

நோரீன் தரையைப் பார்த்தாள். "மொதல்ல எங்க வீட்டு ஓட்டைக்குத்தான் பின்னிப் பாத்தேன்."

"ஆன்ட்டி, உங்க கணப்பைக் கடைசியா யாரு சோதிச்சாங்க?" என்றாள் ஷாஜியா.

"எனக்கு எதுக்கும்மா? வாடகைக்கு விடுற வீட்டுக்குத்தானே சட்டம். என் வீட்டுக்கு யாரும் கேக்கலயே."

ஷாஜியா பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தாள். அங்கே நிலைமை இன்னும் மோசம். அடைப்பு அதே சிவப்பு. கணப்புக்குமேல் சுவரெல்லாம் கரி. அதன் எதிரில்தான் நோரீன் தினமும் உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள்.

"ரெண்டு பேரும் இப்பவே டாக்டர்கிட்ட கிளம்புங்க" என்றாள் ஷாஜியா.

நோரீன் வாசலில் நின்று கோட்டுப் பித்தானைப் பூட்டினாள். "உங்க வீட்டை நெனச்சே பயந்துட்டிருந்தேன் வில்ஃப். என் வீடு ஞாபகத்துக்கே வரல."

வில்ஃபுக்குக் கோபம் பொங்கியது. தினமும் சண்டை போட்டும், அவர் இப்படிக் குரல் உயர்த்தி நோரீன் கேட்டதே இல்லை.

"எனக்காவது வருஷத்துக்கு ஒருதரம் ஆள் அனுப்ப நீ இருக்க. உனக்கு யாரு இருக்கா?" என்று கத்திவிட்டு ஷாஜியா பக்கம் திரும்பினார். "இனிமே ரெண்டு வீட்டையும் பாக்கணும்."

"அதுக்குச் சட்டம்..." என்று நோரீன் ஆரம்பித்தாள்.

"சட்டம் கேக்கலன்னா போகட்டும். நான் கேக்குறேன்."