குழாய்க்குக் காது கொடுத்தவர்

அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் போனை எடுத்தால் "காது பேசறேன், எந்த வீடு, எந்த மாடி?" என்றுதான் ஆரம்பிக்கிறார். வீட்டுக் குழாய்களில் அடைப்பு எடுப்பது தொழில். இதில் வேடிக்கை, அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. பதினெட்டு வருடம் நூற்பாலையில் இயந்திரங்களுக்கு நடுவே பழுது பார்த்தவர். ஒரு காதை ஆலை எடுத்துக்கொண்டது. ஆலை மூடியபோது மிஞ்சியது இன்னொரு காதும், இயந்திரத்தின் வயிற்றில் வைத்துக் கேட்கிற ஒரு முழ நீள இரும்புக் கம்பியும்தான். அவற்றை வைத்துத்தான் இருபது வருடமாகக் குடும்பம் ஓடுகிறது.

"ஊர்ல இருக்கிற குழாய் முக்கினா முனகினா இவருக்குக் கேக்கும். நான் கத்தினா மட்டும் கேக்காது" என்பார் அவர் மனைவி. அதற்கு அவர் பதில், "நீ எப்பவும் எனக்கு இடது பக்கமாத்தானே உக்காருற!"

அவரை நான் முதலில் பார்த்தது, நாடு நாடாகச் சுற்றிய நான்கு வருட அலைச்சல் முடிந்து வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில்.

எங்கள் கட்டடத்தில் மூன்றே வீடுகள். கீழே தையல்கார அக்கா, ஒன்றரை வருடமாகக் குடியிருப்பவர். முதல் மாடியில் வீட்டுக்காரர், தனி ஆள். இரண்டாவது மாடியில் அம்மா, அப்பா, இப்போது நான். மூன்று சமையலறைகளின் கழிவு நீரும் ஒரே குழாயில் இறங்கி, தையல்கார அக்கா வீட்டுத் தரைக்கு அடியில் திரும்பி, பின்பக்கத் தொட்டிக்குப் போகிறது.

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக அக்காவின் சமையலறைத் தரையில் சாக்கடைத் தண்ணீர் பொங்கியிருந்தது. தைத்து அடுக்கியிருந்த நீலநிறப் பள்ளிச் சீருடைகளில் அடி வரிசை முழுக்க நனைந்துவிட்டது. அவர் அவற்றை அலசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நூலையும் வெட்டுத் துணியையும் கழுவி விட்டா அடைக்காம என்ன செய்யும்? இன்னிக்குக் குழாயிலேருந்து நூல் வரட்டும். மாசக் கடைசியில நீ வேற வீடு பாத்துக்க."

"நான் பெருக்கி அள்ளித்தான் போடறேன் சார். ஒண்ணு ரெண்டு பறந்து போயிருக்கலாம்."

"ஒண்ணு ரெண்டா? பாக்கத்தானே போறோம்."

அம்மாவும் படியில் நின்று தன் பங்குக்குச் சொன்னாள். "எங்க வீட்டு சிங்க் இருபது வருஷத்துல ஒரு தடவை அடைச்சதில்லப்பா. பாத்திரம் கழுவி முடிச்சதும் ஒரு குண்டான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திடுவேன். எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஓடியே போயிடும். கவனமா இருந்தா எதுக்கு அடைக்குது?"

தையல்கார அக்கா நிமிரவில்லை. பிழிந்துகொண்டிருந்த சட்டையை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

காது வந்ததும் முதலில் செய்தது எங்கள் எல்லோர் வாயையும் மூடியதுதான். "நீங்க அப்புறம் பேசலாம். இப்ப குழாய் பேசட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, மேல போய் ஒரு பக்கெட் தண்ணியை ஒரே வீச்சுல ஊத்திட்டு ஓடி வாங்க" என்றார்.

ஊற்றிவிட்டு ஓடிவந்தேன். அவர் அக்காவின் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறு முனையை வலது காதுக்குள்ளும் வைத்திருந்தார். கண்களை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மூன்று எட்டு நடந்து, கம்பியைத் தரையில் ஊன்றி மறுபடி கேட்டார். பிறகு சாக்பீஸ் எடுத்து ஓர் இடத்தில் கோடு போட்டார். "இங்க வரைக்கும் தண்ணி சிரிச்சுக்கிட்டு வருது. இங்க வந்ததும் இருமுது."

தரை முழுவதையும் உடைக்கக் கடப்பாரையோடு ஆள் சொல்லி வைத்திருந்தார் வீட்டுக்காரர். "ஆசிட் ஊத்தினா கரையாதா?" என்று கேட்டார். காது தன் முன்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் உருகிச் சுருங்கிய தழும்பு. "ஒரு தடவை ஊத்தினேன் சார். உள்ள போகாம திரும்பி என்கிட்டயே வந்துச்சு."

பின்பக்கத் தொட்டியின் மூடியைத் திறந்து, முனையில் திருகு வைத்த ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டார். சாக்பீஸ் கோட்டுக்கு எத்தனை முழம் வருமோ அத்தனை முழம் விட்டு, சரியாக அங்கே நிறுத்தினார். குத்தவில்லை. "குத்தினா ஓட்டை விழும், தண்ணி போயிடும், எனக்கும் பேர் வரும். ஆறு மாசத்துல திரும்பவும் அடைக்கும்." மெல்லத் திருகித் திருகி, கோர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் இழுத்தார். பெரிய மெழுகுவத்தி மாதிரி, முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டி வெளியே வந்து விழுந்தது. அதன் முனையில், நடுவே, நீல நூல்கள் தொங்கின.

"பாத்தீங்களா!" என்றார் வீட்டுக்காரர்.

தையல்கார அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "என் நூல்தாண்ணே" என்றார். அவ்வளவுதான். அவர் குரலில் அதற்குள்ளாகவே சாமான் கட்டத் தொடங்கிவிட்டது தெரிந்தது.

"இரும்மா. பதினெட்டு வருஷம் நூலோட வாழ்ந்தவன் நான். நூல் என்ன சொல்லுதுன்னு பாப்போம்." காது கத்தியை எடுத்துக் கட்டியைக் குறுக்கே அறுத்தார்.

வெட்டிய மரம் போல உள்ளே வளையம் வளையமாக இருந்தது. வெள்ளை, மஞ்சள், சாம்பல், மறுபடி வெள்ளை. "ஓரத்துல இருக்கிறது பழசு. குழாய்ச் சுவர்ல முதல்ல ஒட்டினது. நடுவுக்கு வர வரப் புதுசு. நூல் எங்க இருக்கு? நடுப்பொந்துல மட்டும். சுத்தி இத்தனை வருஷத்து எண்ணெய், ஒரு இழை கிடையாது. கதவை வேற யாரோ மூடிட்டாங்க. இந்தம்மா நூல் கடைசியா வந்து மூடின கதவுல மாட்டிக்கிச்சு."

பிறகு கத்தி நுனி ஒரு பழுப்பு வளையத்தில் நின்றது. "இதுல எண்ணெயே இல்ல. வெறும் சோப்பும் டீத்தூளும். இந்தம்மா வர்றதுக்கு முன்னாடி எப்பவோ ஒரு நாலஞ்சு மாசம் ஒரு வீட்ல சமையல் நின்னிருக்கு. எந்த வீடு?"

"எனக்குச் சாப்பாடு என்னிக்கும் டப்பாவுலதான் வருது. நான் அடுப்பே பத்த வைக்கிறதில்ல. கீழ் வீடும் இவ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷம் பூட்டித்தான் கிடந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

அம்மா சும்மா இருந்திருக்கலாம். இரண்டு படி இறங்கி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அது நான் கால் ஒடிஞ்சு படுத்திருந்த நாலு மாசம். இவ அப்பா டீ போடுவாரு. சாப்பாடு கடையிலதான்."

"எந்தக் கால்? எப்போம்மா?" என்றேன்.

"நீ பனிமலை போட்டோ அனுப்பின வருஷம். சொன்னா பாதியில ஓடி வந்திருப்ப."

அந்தப் பனிமலையில், வெட்டுப்பட்ட பனிச்சுவரில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, எப்போதோ எங்கோ வெடித்த எரிமலையின் சாம்பல் அது என்றார்கள். அதன் முன்னால் ஒரு மணி நேரம் வாய் பிளந்து நின்றேன். அதே மாதங்களில் என் வீட்டின் அடியில் இந்தப் பழுப்புக் கோடு விழுந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். நகத்தளவு கனம்கூட இல்லை.

அம்மாவுக்கு வேறு ஒன்று ஆறவில்லை. "ஆனா நான்தான் தினம் கொதிக்கிற தண்ணி ஊத்தினேனே தம்பி?"

"அதான்மா விஷயம். பச்சைத் தண்ணி ஊத்தியிருந்தா உங்க சிங்க்குக்குக் கீழயே உறைஞ்சு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சுடுதண்ணி அதை உருக்கி ரெண்டு மாடி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. மண்ணுக்கடியில வந்ததும் சூடு ஆறுச்சு, உக்காந்துடுச்சு. இனிமே சட்டியை முதல்ல பேப்பர்ல துடைச்சுக் குப்பையில போட்டுட்டு அப்புறம் கழுவுங்க. வாரம் ஒரு தடவை ஒரு பக்கெட் தண்ணி ஒரே வீச்சா. அது போதும்." தையல்கார அக்காவிடம், "நீங்க தரை ஓட்டைக்குச் சின்னக் கண்ணு வச்ச சல்லடை மூடி போடுங்க" என்றார்.

அம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "காலி பண்றதுன்னா நாங்கதான் பண்ணணும். சொல்லுங்க."

"என்னம்மா இது, ஒரு குழாய்க்கு இவ்வளவு பேச்சா!" என்று அவர் மாடியைப் பார்த்து நடந்தார். கடப்பாரை ஆளை வர வேண்டாம் என்று போனில் சொல்வது படியிலிருந்து கேட்டது.

தையல்கார அக்கா உள்ளே போய் ஒரு பை நிறைய வெட்டுத் துணியோடு வந்தார். "பேப்பரை விட இது நல்லாத் துடைக்கும்க்கா. சிங்க்ல மட்டும் போட்டுடாதீங்க, அப்புறம் என்னைத்தான் சொல்லுவாங்க." அம்மாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

ஒரு மாதம் கழித்துக் காது கூப்பிடாமலே வந்தார். "இந்தப் பக்கமா வந்தேன், எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னு." கம்பியை வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, கம்பியை என்னிடம் நீட்டினார்.

காதில் வைத்தேன். மேலே யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் விழுந்து, உருண்டு, என் காலடியைக் கடந்து தடையில்லாமல் போனது. அது போன பின்னும் இன்னொரு சத்தம் இருந்தது. மேலே எங்கள் சமையலறையில் யாரோ நடக்கிறார்கள். ஓர் அடி கனமாக, ஓர் அடி லேசாக. மறுபடி ஓர் அடி கனமாக.

இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்காத நடை அது.

"கேக்குதா?" என்றார் காது.

தலையை மட்டும் ஆட்டினேன். கம்பியைத் திருப்பித் தர எனக்கு நேரம் பிடித்தது.