எந்த அண்ணை?

ஸ்டெல்லாவின் கேள்வி ஒன்றுதான்: அப்பாவுக்குப் போனதுபோல் தன் கண்ணும் போகுமா? மயிலிட்டியில் மீன்பிடிக்கிற குடும்பம். அப்பா பிலிப்புக்கு முதலில் இருட்டில் பார்வை குறைந்தது, பிறகு பகலிலும். அவருடைய இரண்டு சகோதரிகளுக்கும் அப்படியே. ஸ்டெல்லாவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பதில் தெரியாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஆய்வுகூடம். என் வேலை கணக்கு. நேரடி மரபணுச் சோதனை எதையும் காட்டாததால் லிங்கேஜ் பார்த்தோம். கண் பழுதானவர்கள் எல்லாரும் நிறமூர்த்தத்தின், அதாவது குரோமோசோமின், ஒரே துண்டைப் பகிர்கிறார்களா என்று தேடுவது அது. பேய்சியன் முறை ஒரு நம்பிக்கையோடு தொடங்கும், புதுச் செய்தி வர வர அதை மாற்றிக்கொள்ளும். எங்கள் சனம் மாற்றிக்கொள்ளாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிலிப்பும் சகோதரிகளும் ஒரு துண்டில் ஒத்துப்போனார்கள், நோய் அங்கேதான் என்ற நம்பிக்கை ஏறியது. பிலிப்பின் அண்ணனைச் சேர்த்ததும் மளமளவென்று விழுந்தது. அவருக்கும் கண் மங்கல், ஆனால் அந்தத் துண்டு இல்லை. மற்ற மரபணு அடையாளங்களும் கூடப்பிறந்தவருக்கு உரிய அளவு ஒத்துவரவில்லை. வேறு தகப்பனாக இருக்கும், கேட்டுவிடலாம் என்றாள் என் உதவியாளர் துஷி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண் தெரியாத மனிதரிடம் போய் அவருடைய தாயைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது?

நான் பிலிப்பிடம் வேறு விதமாகக் கேட்டேன். "அண்ணையும் நீங்களும் ஒரே வீட்டிலையோ வளந்தனீங்கள்?"

"இல்லை சேர், அவை குருநகர். பெரியம்மான்ரை மோன்."

குடும்ப விவரம் எடுத்தபோது அண்ணையோ என்று துஷி கேட்டிருக்கிறாள், ஓம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இருவரும் சொன்னது சரிதான். பெரியம்மாவின் மகனை நாங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவோம்? ஆனால் இந்த நோய் பிலிப்பின் தகப்பன் வழியில் வந்தது. குருநகர்க்காரருக்குக் கண் மங்கியது சீனி வருத்தத்தால், நீரிழிவால். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் முதலில் சொல்வது இதுதான்: பேய்சியன் முறை பிறகு, சொந்த முறையை முதலில் கேளுங்கள்.

வம்ச வரைபடத்தில் அவரை உரிய இடத்தில் வைத்ததும் நம்பிக்கை மறுபடி ஏறியது. பிறகு எடுத்த மற்ற உறவினர்களின் இரத்தமும் அதையே சொன்னது. ஸ்டெல்லாவிடம் அந்தத் துண்டு இல்லை. நூற்றுக்கு நூறு என்று எங்கள் தொழிலில் சொல்வதில்லை, ஆனாலும் பயப்படாமல் கலியாணம் செய்யலாம் என்றேன். அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அண்ணைக்கு?"

"எந்த அண்ணை?"

"கூடப்பிறந்த அண்ணைதான் சேர். இரவிலை தொழிலுக்குப் போறவர். போன கிழமை வள்ளத்தடியிலை தடக்குப்பட்டு விழுந்தவர்."

அவரை வரச் சொல்லுங்கள் என்றேன். கணினியைத் திறக்கும் முன்பே, அவரிடம் அந்தத் துண்டு இருக்கும் என்ற நம்பிக்கை ஏறத் தொடங்கிவிட்டது. இறங்கிவிடாதா என்று நான் ஏங்கியது அன்றுதான்.